ஏழாம் ரூட் பஸ்ஸில் இசக்கி சொன்ன பாட்டு

இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் தெக்கத்திப் பையன்களிடம் போய், கேட்க நல்லதாக ஒரு வில்லுப்பாட்டு சொல்லுங்கள் என்று கேட்டால், "இசக்கியக் கேளுங்க" என்று கை காட்டிவிடுவார்கள். கேட்கப் போகிறவர் கொஞ்சம் பொறுமையோடு போவது நல்லது. ஏனென்றால் இசக்கி, கேட்டவுடன் பேர் சொல்லி அனுப்புகிற ஆள் இல்லை. எப்போது கேட்கப் போகிறீர்கள், காதில் மாட்டியா ஸ்பீக்கரிலா, வேலைக்குப் போகும்போதா வரும்போதா, வீட்டில் சண்டை கிண்டை ஏதும் உண்டா என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். "நையாண்டி மேளத்த வெறும் வயித்துல கேக்கக் கூடாதுண்ணே, படபடன்னு வரும்" என்பான். கேட்டவர் சிரிப்பார். ஆனால் அடுத்த நாள் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மேளத்தைப் போடுவார்.

இசக்கிக்கு இருபத்தாறு வயது. திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமம். ஐடிஐ ஃபிட்டர் முடித்தவன். ஒரகடத்தில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க மெஷினிலிருந்து கறுப்புப் பட்டை நீளமாக வந்துகொண்டே இருக்கும். அதை அளவு பார்த்து வெட்டி, வளைத்து, ட்ரேயில் அடுக்க வேண்டும். அதில் மனசுக்கு வேலை எதுவும் இல்லை. மனசு சும்மா இருக்கும் எட்டு மணி நேரமும், முந்தின நாள் கேட்ட பாட்டை அவன் உள்ளுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பான். குடம் எங்கே தட்டினார்கள், உடுக்கை எங்கே நுழைந்தது, பின்பாட்டுக்காரர் எங்கே மூச்சு வாங்கினார் என்று எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

பாட்டு விஷயத்தில் அவனுக்குக் கிடைத்த ராஜ்யம் ஏழாம் ரூட் கம்பெனி பஸ். அதன் டிரைவர் டில்லிபாபு வாலாஜாபாத்துக்காரர். நல்ல மனுஷர், வாய் மட்டும் ஓயாது. மூன்று வருடத்துக்கு முன்னால், போட்ட பாட்டையே போட்டு பஸ்ஸையே அவர் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது, இசக்கி ஒரு பென் டிரைவைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தான். அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை பஸ்ஸில் ஒருவர் கூடத் தூங்கவில்லை. அதிலிருந்து பஸ்ஸின் பாட்டு இசக்கியின் பொறுப்பாகிவிட்டது. பஸ்ஸுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குரூப், முதலில் வண்டி எங்கே வருகிறது என்று கேட்பதற்காக ஆரம்பித்தது. பிறகு அதில் வண்டியைப் பற்றி யாருமே பேசவில்லை. இசக்கி இன்றைக்கு என்ன சொல்லியிருக்கிறான் என்றுதான் பார்த்தார்கள்.

அவன் எழுதுவதும் நன்றாக இருக்கும். 'இந்தக் கரகாட்ட செட்டில் தவில்காரரை மட்டும் கவனியுங்கள். நாயனக்காரர் கொஞ்சம் அலட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.' 'இது நடவுப் பாட்டு. பாடுகிற அம்மாவுக்கு மூக்கடைப்பு. இருந்தாலும் கேளுங்கள், விட்டால் கிடைக்காது.' அசெம்பிளியில் வேலை செய்யும் கனகலட்சுமி அக்கா தென்காசிப் பக்கத்துக்காரர். தன் மாமியாரோடு சண்டை வரும்போதெல்லாம் இசக்கியிடம் பாட்டுக் கேட்பார். அவரைச் சிரிக்கவைக்கவென்றே எசப்பாட்டு ஆல்பங்களைத் தேடிப் பிடித்து வைத்திருந்தான்.

ஆனால் அவன் சொல்லாமல் விட்ட பாட்டுகள், சொன்ன பாட்டுகளைவிட அதிகம். இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெற்கே பாட்டு வெறும் பாட்டாக மட்டும் இருப்பதில்லை. அது இன்னாருடைய பாட்டு. வருகிற ஆல்பங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கூட்டத்தின் பெருமைக்காக வருபவை. அட்டையில் இருக்கும் கொடியின் நிறத்தைப் பார்த்தாலே போதும், யாருடையது என்று தெரிந்துவிடும். அப்படி ஒன்றைப் பஸ்ஸில் போட்டால் நாலு சீட்டில் விசில் பறக்கும். வேறு நாலு சீட்டில் இருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். இறங்கும்போது தோளில் தோள் இடிக்கும். அதனால் இசக்கி ஒவ்வொன்றையும் சலித்துத்தான் கொடுப்பான். அட்டையைப் பார்ப்பான், நடுவில் யார் பேராவது வருகிறதா என்று கடைசி வரை கேட்பான். யாரையும் குத்தாத, யாரையும் தூக்கிப் பிடிக்காத பாட்டு மட்டும்தான் ஏழாம் ரூட்டில் ஏறும். அவன் நல்லவன் என்பதால் இப்படிச் செய்தான் என்று பஸ்ஸில் எல்லோரும் நினைத்தார்கள். அவன் பயந்தவன் என்பதும் ஒரு காரணம்.

அந்தப் பயம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் இருந்த அறை, ஒரு வீட்டின் மாடிப் போர்ஷன். கூட இருந்தவர்கள் இரண்டு பேர். மெயின்டனன்ஸில் வேலை செய்யும் பிச்சையா, வயதில் மூத்தவர், அறையைப் பிடித்தவர். இன்னொருவன் சண்முகசுந்தரம், இசக்கியின் வயசு, அவனுடைய லைனிலேயே வேலை. இருவருமே இசக்கியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். அறைக்கு வந்த முதல் நாள் பிச்சையா ஊர்ப் பேரைக் கேட்டார். இசக்கி சொன்னான். "ஊர்ல எந்தப் பக்கம்ல?" என்று கேட்டார். "கோயிலுக்குப் பக்கத்துல அண்ணே" என்றான். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஊரில் இரண்டு கோயில்கள் உண்டு. ஊருக்குள் இருக்கும் பெரிய கோயில் ஒன்று. ஊருக்கு வெளியே, காலனியில், இசக்கியின் அப்பாவும் சித்தப்பாக்களும் கல் சுமந்து கட்டிய அம்மன் கோயில் ஒன்று. பிச்சையா பெரிய கோயில் என்று எடுத்துக்கொண்டார். இசக்கி திருத்தவில்லை. இசக்கி என்ற பேரும் நல்ல தோதான பேர். தெற்கே எல்லாத் தெருவிலும் அந்தப் பேர் உண்டு, அதை வைத்து யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்குத் திருத்தாமல் விட்டதை மறுநாள் திருத்த முடியவில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது.

அந்த மூன்று வருடத்தில் அறையில் சமையல் முறை வைத்து நடந்தது. இசக்கியின் முறை என்றால் மற்ற இருவரும் ஓ.டி.யைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவார்கள். அவன் வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்கு அப்படி ஒரு பேர். சண்முகசுந்தரம் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, "ஒன்னயக் கெட்டிக்கிடப் போறவ குடுத்து வச்சவல" என்பான். இசக்கிக்கு அப்போதெல்லாம் சந்தோஷமும் வரும், கூடவே பயமும் வரும்.

இந்த வருடம் கோமதியம்மாள் வந்து சேர்ந்தார். அறைக்கு இல்லை, பஸ்ஸுக்கு. கனகலட்சுமி அக்கா ஒருநாள், "தம்பி, பொம்பளப் புலவர் பாடுன வில்லுப்பாட்டு ஏதும் இருக்கா?" என்று குரூப்பில் கேட்டார். இசக்கி கோமதியம்மாள் வில்லிசைக் குழுவின் பழைய ஆல்பம் ஒன்றைச் சொன்னான். ஸ்டூடியோவில் பதிவு செய்தது. கனத்த குரல், அவசரமே இல்லாத பாட்டு. கதையில் வரும் பெண் அழும்போது கோமதியம்மாள் அழமாட்டார். வீசுகோலால் வில்லில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார், கேட்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். பஸ் கிறுக்குப் பிடித்தது போல ஆகிவிட்டது. பிச்சையாவே தன் ஊருக்கு போன் போட்டு, அடுத்த கோயில் கொடைத் திருவிழாவுக்கு இந்த அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று சொன்னார். "ஸ்டூடியோல பாடுனதே இப்பிடின்னா, கோயில்ல நேர்ல எப்பிடிப் பாடிருப்பாவ! நேர்ல பாடுனது இல்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இசக்கியிடம் இருந்தது. அவனிடம் இருந்தது என்பதுதான் வினை. இந்த வருடம் அவன் ஊர் அம்மன் கோயில் கொடைக்குக் கோமதியம்மாள்தான் பாடினார். காலனிக்கு அவ்வளவு பெரிய புலவர் வந்தது அதுதான் முதல் தடவை. இசக்கிக்கு லீவு கிடைக்கவில்லை. குழுவுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கச் சொல்லித் தங்கை தங்கமாரிக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினான். கொடை முடிந்து, பக்கத்து டவுன் வீடியோக்காரர் இரண்டு நாள் பாட்டையும் இணையத்தில் ஏற்றியவுடன் தங்கமாரி இரண்டு லிங்கையும் அனுப்பினாள். முதல் நாளுடையதை, அம்மனை வரவழைத்துப் பாடும் வரத்துப் பகுதியிலிருந்தே தொடங்கும்படி அனுப்பியிருந்தாள். அவனும் அங்கிருந்துதான் கேட்டான். திரும்பத் திரும்ப அதையே கேட்டான். அதற்கு முன்னால் பாடியதைக் கேட்கவே தோன்றவில்லை.

அதைக் குரூப்பில் போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தான். அட்டையைப் பார்த்தான், கொடியும் இல்லை, நிறமும் இல்லை. 'அம்மன் கோயில் கொடை, நேரடிப் பதிவு' என்று ஊர்ப் பேர் மட்டும் போட்டிருந்தது. ஊர்ப் பேர் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். அதற்குக் கீழே இன்னொரு ஆசையும் இருந்தது. அவன் தெருவில் நடந்த பாட்டை, அவன் தெரு மக்கள் குலவையிட்டுக் கேட்ட பாட்டை, பிச்சையாவும் மற்றவர்களும் ஆகா என்று பாராட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். யாருடையது என்று தெரியாமலாவது அவர்கள் பாராட்டட்டும். இதைத் தப்பான ஆசை என்று என்னால் சொல்ல முடியவில்லை. குரூப்பில் போட்டான். 'இதுவரைக்கும் நான் சொன்னதில் இதுதான் முதல் இடம். இரண்டாம் நாள் பாட்டு பிறகு வரும்' என்று எழுதினான். டில்லிபாபுவுக்குப் பென் டிரைவிலும் முதல் நாள் பாட்டை ஏற்றிக் கொடுத்தான்.

மறுநாள் காலை ஷிப்ட். பஸ் கிளம்பியதும் டில்லிபாபு பாட்டை முதலிலிருந்து போட்டார். காப்புப் பாட்டு முடிந்து கதை தொடங்கி, பஸ் வல்லக்கோட்டையை நெருங்கும்போது, கதை சூடு பிடித்திருந்தது. ஒருவரும் பேசவில்லை. பின் சீட்டில் சண்முகசுந்தரத்தின் பக்கத்தில் இருந்த இசக்கி, முன்னால் பிச்சையாவின் தலை தாளத்துக்கு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சு நிறைந்திருந்தது. அப்போது கோமதியம்மாள் வில்லை நிறுத்தினார்.

கதை நடுவில் வில்லை நிறுத்தி, அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பேரை மைக்கில் சொல்வது எல்லாக் கொடையிலும் இருக்கும் வழக்கம். வெறும் பேரைச் சொன்னால் கொடுத்தவருக்குத் திருப்தி இருக்காது. அப்பா பேர், தெருப் பேர், பார்க்கிற வேலை எல்லாம் வர வேண்டும். இசக்கிக்கு இது தெரியாதா? தண்ணீர்பட்ட பாடாகத் தெரியும். அடுத்த ஊர்க் கொடை என்றால் கடைசி வரை கேட்டுச் சலித்துத்தான் போட்டிருப்பான். சொந்தக் கொடையில் வரத்தைக் கேட்டு மயங்கி, அதற்கு முன்னால் இருந்த ஒரு மணி நேரத்தைக் கேட்காமலேயே விட்டுவிட்டான்.

"நமது காலனி கீழத் தெரு சுடலைமுத்து அவர்களுடைய அருமை மகன்" என்றார் கோமதியம்மாள், அதே கனத்த குரலில். "ஸ்ரீபெரும்புதூர்ல கார் கம்பெனியில வேல பாக்கக்கூடிய அன்புத் தம்பி இசக்கி அவர்கள், லீவு கெடைக்காததுனால வர முடியாம, தங்கச்சி கையில குடுத்துவிட்டு, நம்ம கலைக்குழுவுக்கு அன்பளிப்புப் பண்ணிருக்காங்க. அந்தத் தம்பி நோய் நொடியில்லாம, போன எடத்துல பேரும் புகழுமா இருக்கணும்னு அம்மன வேண்டிக்கிடுதோம்." குடம் ஒரு தடவை அடங்கி முழங்கியது.

ஒரு நொடி இசக்கிக்குச் சந்தோஷம்தான் வந்தது. அவ்வளவு பெரிய புலவர் அவன் பேரைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான், தெருப் பேரையும் சேர்த்துச் சொன்னது உறைத்தது.

டில்லிபாபு ஸ்டியரிங்கைத் தட்டினார். "டேய் இசக்கி! உன் பேரு சொல்றாங்கடா! இன்னாபா நீ, இவ்ளோ பெரிய ஆளா கீற, சொல்லவே இல்ல! இரு இரு, இன்னொரு தபா கேப்போம்."

"வேண்டாம்ண்ணே! விடுங்கண்ணே!" என்று இசக்கி எழுந்து கத்தினான்.

"அட, வெக்கப்பட்டுகினு கீறான் பாரு" என்று சிரித்துக்கொண்டே டில்லிபாபு பாட்டைப் பின்னால் ஓட்டி, சத்தத்தையும் கூட்டினார். அவர் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. தன் பஸ்ஸில் வரும் பையனின் பேர் பாட்டில் வந்திருக்கிறது, ஊரே கேட்கட்டும் என்கிற ஆசைதான். காலனி கீழத் தெரு என்று கோமதியம்மாள் மறுபடியும் சொன்னார். முதல் தடவை காதில் விழாதவர்களுக்கும் இப்போது விழுந்தது.

உள்ளூர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். தெற்கத்திக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிச்சையாவின் தலை ஆடாமல் நின்றது. சண்முகசுந்தரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு வந்த வரத்தை, இசக்கி வாரக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்ட அந்த வரத்தை, பஸ்ஸில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சமையல் இசக்கியின் முறை. ஷிப்ட் முடிந்து கருவாடு வாங்கிக்கொண்டு அவன் படியேறியபோது, பிச்சையா அடுப்படியில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு எம் முறை அண்ணே."

"இருக்கட்டும்ல. நீ களைச்சுப் போய் வந்திருப்ப. நான் ஆக்குதேன்."

"எனக்குக் களைப்பு இல்லண்ணே."

"அதான் ஆக்குதேங்கேம்லா. நீ போய்ப் படு."

குரலில் கோபமே இல்லை. அவ்வளவு அன்பாக அவர் அதற்கு முன்னால் பேசியதும் இல்லை. அடுத்த முறையும் அவர்தான் ஆக்கினார், அதற்கடுத்த முறையும். இசக்கி தொட்ட தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பாட்டில் தண்ணீர் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்தபோது அவனுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு வெட்கமும் வந்தது. வெட்கப்பட வேண்டியவன் தான் இல்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வெட்கம் வந்ததே, அதுதான் அவனை அரித்தது. மூன்று வருடம் அவன் கையால் தின்றவர்களுக்கு இன்றைக்கு அந்தக் கை ஆகாமல் போய்விட்டது. கை அதே கைதான்.

பஸ்ஸிலும் பாட்டு மாறியது. பிச்சையாவோடு உட்காருகிற கூட்டம் வேறு ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தது. அட்டையைப் பார்த்தே இசக்கி ஒதுக்கியிருக்கக்கூடிய ஆல்பம். சிங்கம், சீற்றம், வீச்சரிவாள், நாங்கள் ஆண்ட மண் என்று ஒரே கூச்சல். டில்லிபாபுவுக்குக் காது வலித்தது.

"இன்னாடா இது, ஒரே கத்தலா கீது" என்று இறங்கும்போது இசக்கியைப் பிடித்துக்கொண்டார். "உன் பாட்ட குட்றா. அந்தம்மா பாட்டு ரெண்டாம் நாளு கீதுன்னு சொன்னியே?"

"எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்லண்ணே" என்றான் இசக்கி. பாட்டு விஷயத்தில் அவன் சொன்ன முதல் பொய் அது.

குரூப்பில் இரண்டாம் நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதல் நாள் பாட்டைப் போட்டவுடனே, அடுத்ததை எப்போது போடுவாய், எப்போது போடுவாய் என்று நச்சரித்தவர்கள்தான். ஒரு நாள் மத்தியானம், கேன்டீனில் இருக்கும்போது கனகலட்சுமி அக்காவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'தம்பி, ரெண்டாம் நாள் பாட்டு இருந்தா எனக்கு மட்டும் அனுப்பு. குரூப்ல வேண்டாம். தப்பா நினைக்காத.' இசக்கிக்கு மனசு லேசானது போல இருந்தது. உடனே அனுப்பினான். கும்பிடுகிற கை ஒன்று பதிலாக வந்தது. அக்கா நாலு மேஜை தள்ளித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. இரண்டு நாள் கழித்து, பெயின்ட் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர், அன்று பஸ்ஸில் திரும்பிப் பார்க்காதவர்களில் ஒருவர், அதையே கேட்டார். 'எனக்கு மட்டும்' என்றுதான் அவரும் எழுதியிருந்தார். அவருக்கும் அனுப்பினான். அனுப்பிய பிறகு மனசு கசந்தது. என்ன மனிதர்கள் இவர்கள்! பாட்டு வேண்டும். அது பிறந்த தெரு மட்டும் வேண்டாம்.

அந்த வாரம் பிச்சையா தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "எம் மச்சினன் அப்ரண்டிஸ்ல சேருதான் பாத்துக்க. எடம் பத்தாது. நீ ஒரகடம் பக்கமே ஒண்ணப் பாத்துக்கிட்டா ஒனக்கும் அலைச்சல் மிச்சம்லா."

"சரி அண்ணே" என்றான் இசக்கி. வேறு என்ன சொல்வது? வல்லக்கோட்டையில் மூன்று ஒடிசாப் பையன்களோடு ஓர் இடம் கிடைத்தது. அவர்களுக்கு இசக்கி தமிழன், அவ்வளவுதான். எந்தத் தெரு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது.

அறையைக் காலி செய்யும் நாளன்று காலையில் தங்கமாரி போன் செய்தாள். அவளுக்கு இங்கே நடந்தது ஒன்றும் தெரியாது. "ண்ணே, முழுசா கேட்டியா இல்லியா? கோமதியம்மா ஒம் பேரச் சொன்னாவல்லா!"

"கேட்டேன். பஸ்ஸே கேட்டுச்சு."

"அப்பாவப் பாத்திருக்கணும் நீ. அந்தம்மா ஒம் பேரச் சொன்னதும் கூட்டத்துக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு, மைக்கப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. எல்லாரும் உக்காரச் சொல்லுதாவ, உக்காரவே இல்ல. வரத்து முடியிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாரு."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்து நின்றவர் அவன் அப்பா. ஊரின் முன்னால் அவர் நிமிர்ந்து நின்றது அந்த ஒரு பேருக்காக. அந்தப் பேர் பஸ்ஸில் கேட்டபோது மகன் செய்ததெல்லாம், வேண்டாம் என்று கத்தியதுதான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் பையை மூடாமலே உட்கார்ந்திருந்தான். அழுதான். மூன்று வருடமாக அடக்கியதும் சேர்ந்து வந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியபோது, சண்முகசுந்தரம் படியில் காத்திருந்தான். அந்த நாட்களில் அவன் இசக்கியிடம் பேசியது, லைனில் ட்ரே கேட்கும்போது மட்டும்தான். ஒன்றும் சொல்லாமல் பாயையும் பக்கெட்டையும் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தான். நிறுத்தத்தில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"பிச்சையாண்ணன் செஞ்சது எனக்குப் பிடிக்கலல."

"ம்."

"நான் என்னல செய்ய? ஊர்ல எங்கப்பனுக்குத் தெரிஞ்சா… ஒனக்குத் தெரியாதா எங்கூரு?"

"தெரியும்."

சண்முகசுந்தரம் பக்கெட்டைக் கீழே வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. "அன்னைக்கு அந்த வரத்துப் பாடுனாவ பாத்தியா. என்னால மறக்க முடியலல. தூக்கத்துல கேக்குது. ரெண்டாம் நாளு இருக்குல்லா? எனக்கு அனுப்புல. குரூப்ல போடாத. எனக்கு மட்டும் தனியா அனுப்பு. யாருக்கும் தெரியாம கேட்டுக்கிடுதேன்."

இசக்கி போனை எடுத்தான். லிங்கைத் தொட்டு, சண்முகசுந்தரத்தின் பேரைத் தேடி, அனுப்புவதற்கு விரலையும் கொண்டுபோனான். மற்ற யாருக்கும் இல்லாவிட்டாலும் இவனுக்கு அனுப்பாமல் இருக்க அவனுக்கு மனசு வராது. அவனுடைய சிபாரிசுகளையெல்லாம் முதலில் கேட்டவன் இவன்தான். விரல் அப்படியே நின்றது.

"ஏற்கெனவே ரெண்டு பேருக்கு அப்படி அனுப்பிட்டேன்" என்றான். "அது தப்புல. அவுக மைக்கு வச்சு, ஊரு கேக்கப் பாடுனாவ. எங்கப்பா எல்லாரும் பாக்க எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு. அத நான் எப்படில ஒளிச்சு அனுப்புவேன்?"

"எனக்காண்டில."

"ஒனக்காண்டிதான் சொல்லுதேன். குரூப்ல போடுதேன். கேக்கணும்னா அங்க வந்து கேளு."

அவன் நின்றபடியே எழுதினான். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 'கோமதியம்மாள் வில்லிசை, இரண்டாம் நாள். எங்கள் காலனி கீழத் தெரு அம்மன் கோயில் கொடையில் பாடியது. முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.' அனுப்பிவிட்டு, தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

சண்முகசுந்தரத்தின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. அவன் அதை எடுக்கவில்லை. பஸ் வந்து நின்று, இசக்கி பாயையும் பக்கெட்டையும் தானே தூக்கி ஏற்றி, கதவு சாத்தி, வண்டி கிளம்பிப் போகும் வரைக்கும் ஒரு கையைச் சட்டைப் பையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே நின்றான்.